உச்சந்தலை நூல்

நூல் விலை ஏறிக்கொண்டே போய், திருப்பூரில் கம்பெனி வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த ஒரு வருஷத்தில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பி.என். ரோட்டில் பட்டன் ஜிப் கடைக்கு மேலே இருந்த கோகிலவாணியின் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பில் நூல் சும்மாவே மேலிருந்து இறங்கியது. நாலு பெண்கள் அதைப் பார்த்தார்கள், யாரும் அலறவில்லை. பாம்பைக் கண்டால் அலறலாம், தலையில் பல்லி விழுந்தால் அலறலாம், நூலைப் பார்த்து அலறுகிற பெண்ணை அந்த ஊரில் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நூல் இறங்கியது கோகிலவாணியின் பிழைப்புக்குள் என்பதால் அந்தப் பிழைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுடைய அம்மா பழனாத்தாள், ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வருகிற பனியனில் கழுத்தோரம், கையோரம் தொங்குகிற நூல் துணுக்குகளைச் சின்னக் கத்திரியால் நறுக் நறுக்கென்று நறுக்கி எறிவதுதான் வேலை. முப்பது வருஷம் அப்படிக் குனிந்து குனிந்து அவள் முதுகு வளைந்தேவிட்டது. எதிரே வருகிறவர்களை அவள் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டாள், மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மகள்தான் கீழே உட்கார வேண்டும். கத்திரியோ கழுத்தில் கயிறு கட்டித் தாலியோடு சேர்ந்து தொங்கிக்கொண்டே இருந்தது, புருஷன் செத்துத் தாலி இறங்கின பிறகும் கத்திரி இறங்கவில்லை. பிசிறு எங்கே தென்பட்டாலும் அவளுக்குக் கை தானாகப் போகும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் ரவிக்கையில் தொங்கியதை வெட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தினமும் காலையில் கோகிலவாணி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்ற விட்டு, கைக்கு எட்டிய உயரத்தில் தெரிந்த பிசிறையெல்லாம் வெட்டிய பிறகுதான் விடுவாள்.

"பிசிறோட வெளிய போகக்கூடாது சாமி. பீஸைத் திருப்பி அனுப்பிச்சுப் போடுவாங்க."

"நான் என்னம்மா பனியனா?"

"அதைவிட ஒசத்தின்னுதான் வெட்டி உடறேன்."

இந்த முதுகை நிமிர்த்தத்தான் கோகிலவாணி அந்தப் படிப்பைப் படித்தாள். பி.காம். முடித்து, அவிநாசி ரோட்டு ஜிம் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த நாட்களில், யாரோ விட்டுப்போன புத்தகத்தில் முதுகெலும்பின் படம் ஒன்றைப் பார்த்தாள். ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு வரைந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் பிலாட்டீஸ் படித்துவிட்டு வந்தாள். மூச்சை எப்படி விலாவுக்குள் இழுப்பது, அடிவயிற்றை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படிக் கண்ணி கண்ணியாகத் தரையில் இறக்கித் தரையிலிருந்து எடுப்பது என்று நூறு விஷயம் கற்றுக்கொண்டு வந்தவளிடம் பழனாத்தாள் கேட்டது ஒரே கேள்விதான்.

"படுத்துக்கிட்டுக் காலைத் தூக்கறதுக்குக் காசு குடுப்பாங்களா?"

கொடுத்தார்கள், ஆனால் இழுத்து இழுத்துக் கொடுத்தார்கள். ஒரே மாசத்தில் தொப்பை போய்விடுமா என்று கேட்டார்கள், யோகா இலவசமாகவே சொல்லித் தருகிறார்களே என்றார்கள், அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாக அவள் ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பிப் போய்ச் சேர்ந்த பிறகு 'ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று செய்தி அனுப்பினார்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை வாங்க வழியில்லாமல், ஜட்டிக் கம்பெனி ஒன்றில் மீந்துபோன இடுப்பு எலாஸ்டிக்கை வாங்கி வெட்டிக் கொடுத்தாள். அவளுக்கு ஒரே ஆசை இருந்தது. ரிஃபார்மர் என்று ஒரு மெஷின், கட்டில் நீளத்துக்கு, ஸ்பிரிங் மாட்டிய பலகை வழுக்கி வழுக்கிப் போகும். அதை வாங்கி, முதல் ஆளாக அம்மாவைப் படுக்க வைத்து, அந்த முதுகைக் கண்ணி கண்ணியாக நீட்டிவிட வேண்டும். பழனாத்தாள் வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் நிமிந்துட்டாப் பீஸை ஆரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்திருந்தவர்களில் மைதிலியக்காவும் ஒருத்தி, ஈஸ்வரமூர்த்தியின் மனைவி, கோகிலவாணியை நம்பி வந்த முதல் ஆள். எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்து, எல்லாப் பிலாட்டீஸ் டீச்சர்களும் எல்லா ஊரிலும் சொல்கிற வழக்கமான வார்த்தையைத்தான் கோகிலவாணியும் சொன்னாள்: "உச்சந்தலையில ஒரு நூல் கட்டியிருக்குதுன்னு நெனைச்சுக்குங்க. மேல இருந்து ஆரோ அதை மெதுவா இழுக்கறாங்க." நினைத்துக்கொள்வதற்காகச் சொன்னதுதான். ஆனால் மின்விசிறிக்கு அருகே, கூரையில் ஓட்டையே இல்லாத இடத்திலிருந்து, நாலு வெள்ளை நூல்கள் நிதானமாக இறங்கி நாலு உச்சந்தலைகளில் ஒட்டிக்கொண்டன, நாலு முதுகுகளும் நேராயின. மைதிலியக்கா பக்கத்தில் நின்றவளின் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"நாப்பதாம் நம்பர். கோம்டு, நல்லாச் சீவி எடுத்தது. கசடே இல்லீங்களே! எந்த மில்லு அம்முணி?"

"தெரியலீங்க்கா" என்றாள் கோகிலவாணி.

பிள்ளை பெற்றதிலிருந்து படுத்தி எடுத்த முதுகுவலி மைதிலியக்காவுக்கு மாடிப்படி இறங்குவதற்குள் போய்விட்டது. நூல் அவளோடு கூடவே நடந்தது, காருக்குள் உட்கார்ந்தால் காரின் கூரை வழியாக வந்தது, வீட்டுக்குள் போனால் காங்கிரீட் வழியாக வந்தது, யார் நூலும் யார் நூலோடும் சிக்கவில்லை. அடுத்த நாள் பி.என். ரோட்டு மாடிப்படியில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அதற்கடுத்த வாரம் வரிசை படியை விட்டு இறங்கி, பட்டன் கடையைச் சுற்றி, ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரி பேக்கரி வரைக்கும் போயிற்று. கோகிலவாணி பெரிய ஹால் பிடித்தாள். உதவிக்கு ரெண்டு பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தாள், ஆனால் அந்த வார்த்தையை அவர்கள் சொன்னால் நூல் வரவில்லை. போனில் பதிவு செய்து போட்டாலும் வரவில்லை. கோகிலவாணி வாயால், நேரில் சொன்னால்தான் வந்தது. ரிஃபார்மர் மெஷின் ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைத்தாள், அதில் படுக்கத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, நூலை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு போய்க்கொண்டே இருந்தார்கள். கற்றுக்கொண்டது நூறு, விற்றது ஒன்று. பிழைப்பு நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட, ஆனால் சாயங்காலம் ஹாலைப் பூட்டுவதற்கு முன் அவள் யாரும் படுக்காத மூன்று மெஷினையும் தூசி துடைத்துவிட்டுத்தான் போனாள்.

நூல் வாங்கியவர்களுக்கு ஒரு குறை இருந்தது: குனிய முடியாது. ஊர் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் விழ முடியாததால் பெரியவர்களை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, நின்ற வாக்கிலேயே கால் தொட்டார்கள். ஸ்டூல் உயரம் போதாமல் ஒரு மாமனார் மேஜை மேல் ஏறியதில் மைத்துனன்மாருக்குள் மனஸ்தாபம் வந்து பிறகு சமாதானமானது. மாரியம்மன் கோயிலில் திருநீற்றுத் தட்டை மார்பு உயரத்துக்கு ஏற்றினார்கள். கோகிலவாணியின் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த துரைசாமியண்ணன் கிளாஸ் கழுவும் தொட்டியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கீழே விழுந்ததை எடுக்க ஆளில்லாமல் ரோடெங்கும் சாவி, சில்லறை, கர்ச்சீப், ஒற்றைச் செருப்பு என்று கிடந்தது, நூல் வாங்காத ஒன்றிரண்டு பேர் கூலிக்குக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். மேலே இழுத்துப் பிடித்திருப்பது யார் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குத் துரைசாமியண்ணன் பதில் வைத்திருந்தார்: "மேலயும் ஒரு கம்பெனி இருக்குமுங்க. அவங்களுக்கும் ஆர்டர் வந்திருக்கும்."

கோகிலவாணிக்கு மட்டும் நூல் இறங்கவில்லை. சொல்கிறவள் செய்கிறவள் இல்லை, அவள் கண் எப்போதும் அடுத்தவர் முதுகில்தான் இருந்தது. தனக்கென்று அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

தை பிறந்ததும் ஈஸ்வரமூர்த்தி ஹாலுக்கு வந்தார். மனைவி நிமிர்ந்ததை வீட்டில் பார்த்தவர், நிமிர்ந்த டெய்லர் எத்தனை பீஸ் தைப்பான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

"நம்ம கம்பெனி ஆளுங்க அத்தனை பேருக்கும் போட்டு உட்ரு அம்முணி. முதுகு வலிக்குது, இடுப்பு வலிக்குதுன்னு லீவு கேக்கறாங்க. பாவம், நல்லா இருக்கட்டும்."

"அவங்க குனிஞ்சுதானுங்க தைக்கோணும்?"

"மிஷினை ஒசத்திப் போட்டாப் போச்சு."

உயர்த்திப் போட்டார். ஓவர்லாக் மெஷின்கள் எல்லாம் மார்பு உயர மேஜைக்கு ஏறின, டெய்லர்கள் தூண்களைப் போல நின்று தைத்தார்கள், வலி இல்லாததால் ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்டானது, மற்ற கம்பெனிகளும் பார்த்துவிட்டு மேஜையை உயர்த்தின. நூல் இல்லாதவர்களுக்கு மேஜை எட்டவில்லை, மேஜை எட்டாதவர்களுக்கு வேலை இல்லை. அதனால் செக்கிங் பிரிவில் கடைசியாக மிஞ்சி நின்ற பழனாத்தாளும், வேலை போய்விடுமே என்று, ஒருநாள் மற்ற பெண்களோடு வரிசையில் வந்து மகள் முன்னால் நின்றாள். அம்மாவின் வளைந்த முதுகைப் பார்த்தபோது கோகிலவாணிக்கு வார்த்தை வாயை விட்டு வர மறுத்தது. எதற்காகப் படித்தாளோ அது நடக்கப் போகிறது, ஆனால் அவள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. கண்ணி கண்ணியாக அவள் கையால் நீட்ட வேண்டிய முதுகு அது.

"சொல்லு சாமி. பின்னால ஆளுக நிக்கறாங்க" என்றாள் பழனாத்தாள், மகளின் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

சொன்னாள். நூல் இறங்கியது. பழனாத்தாள் நிமிர்ந்தாள், நிமிர்ந்துகொண்டே போனாள், கோகிலவாணியின் தோளைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி நின்றாள். தன் அம்மா தன்னைவிட உயரம் என்பது அன்றைக்குத்தான் கோகிலவாணிக்குத் தெரிந்தது.

"ஏஞ்சாமி, இத்தனை அழகா நீயி?" என்று கேட்டாள் பழனாத்தாள், நின்ற நிலையில் மகள் முகத்தை முதல்தடவை பார்த்து. கோகிலவாணி அவ்வளவு பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பழனாத்தாள் பீரோ மேல் இருந்த தூசியைத் துடைத்தாள், காலண்டரைச் சரியாக மாட்டினாள், பரண் விளிம்பில் என்றைக்கோ காணாமல் போன மூக்குத்தி டப்பாவைக் கண்டுபிடித்தாள். காலையில் மகளை வாசலில் நிறுத்திப் பிசிறு பார்க்கும்போது இப்போது தோள், பின்னங்கழுத்து, தலைமுடி எல்லாம் அவள் கண்ணுக்குப் பட்டன. "இத்தனை வருசமா மேல் பக்கத்தைப் பாக்காமயே உன்னை அனுப்பிச்சிருக்கேன் பாரு" என்று வெட்கப்பட்டுக்கொண்டாள்.

பங்குனியில் நூல் இழுக்க ஆரம்பித்தது. முதலில் இழுபட்டது முதலில் வாங்கிய மைதிலியக்காதான். குதிகால் தரையில் படவில்லை என்றாள், பிறகு ஹை ஹீல்ஸ் செருப்பு வாங்கி இடைவெளியை அடைத்தாள், பிறகு அந்தச் செருப்பே காலிலிருந்து நழுவி விழுந்தது. அவளும் மற்ற மூன்று பேரும் கட்டைவிரல் நுனியில் தத்தித் தத்தி ஹாலுக்கு வந்து கோகிலவாணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சித்த லூஸ் பண்ணி உடு அம்முணி. கையெடுத்துக் கும்புடறேன்."

கோகிலவாணி தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மூச்சை விடுங்க என்றாள், தோளை இறக்குங்க என்றாள், நூலைத் தளர்த்தறாங்கன்னு நினைச்சுக்குங்க என்றாள், நூலே இல்லைன்னு நினைச்சுக்குங்க என்றாள். ஒன்றும் ஆகவில்லை. இழுக்கிற வார்த்தை அவளிடம் இருந்தது, விடுகிற வார்த்தை இல்லை. சென்னையில் தனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்குப் போன் போட்டாள், அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சும்மா ஒரு கற்பனைக்குச் சொல்றதும்மா, அதைப் போய் யாராவது நிஜமா எடுத்துக்குவாங்களா?" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் ஈஸ்வரமூர்த்தி, பெண்டாட்டி படும் பாட்டைப் பார்க்கச் சகியாமல், துணி வெட்டும் கத்திரியால் மைதிலியக்காவின் நூலை வெட்டினார். வெறும் நூலைப் போல அது சுலபமாக அறுந்தது. அறுந்த நொடியில் மைதிலியக்கா சுருண்டு, நெற்றி முழங்காலில் முட்ட மடிந்து விழுந்தாள், பிறகு நிமிரவே இல்லை. வலி போன நாட்களின் வலியெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்திருந்தது. கோகிலவாணி அந்த வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, காதோடு காதாக, அதே வார்த்தையை ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். அறுந்தவர்களுக்கு நூல் மறுபடி இறங்கவில்லை. "உன்ற மேல தப்பில்ல, எந்திரிச்சுப் போ" என்று மைதிலியக்கா முழங்காலைப் பார்த்தபடியே சொன்னாள், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது, அதுதான் கொடுமை. நூலை யாரும் வெட்டிக்கொள்ளவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனி மணல் அடைத்த இடுப்புப் பெல்ட்டுகளைத் தைத்து ஆட்களுக்கெல்லாம் கொடுத்தது. பெல்ட் கட்டிய வரைக்கும் கால் தரையில் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுபட்டபோது மேஜைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள், அப்புறம் இன்னும் கொஞ்சம், சித்திரையில் டெய்லர்கள் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரைத் தகரத்துக்குக் கீழே மிதந்துகொண்டே தைத்தார்கள், துணி எடுத்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் பெல்ட்டோடு கீழே நின்று கொம்பில் மாட்டித் துணி கொடுத்தார்கள். கூரை இருக்கும் இடத்தில் பயமில்லை, ஆள் கூரையில் முட்டி நின்றுவிடலாம். பயமெல்லாம் வெட்டவெளியில். பெல்ட் கட்டாமல் வெளியே வந்த ஒரு சைக்கிள்காரர் சைக்கிளோடு மேலே போனார், காதர்பேட்டைக் கடைக்காரர்கள் கையை நெற்றியில் வைத்து அவர் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு மறுபடி பேரம் பேசப் போனார்கள்.

வரிசை மட்டும் குறையவில்லை. மேலே போவதைப் பற்றி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு நூல் இல்லாவிட்டால் வேலை இல்லை. கோகிலவாணி ஹாலைப் பூட்டிப் பார்த்தாள், வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களே கூட்டமாக அதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணைப் பார்த்தார்கள், இப்போது அவள் வாய்கூட வேண்டாமென்று ஆகி, அவள் பார்த்த மாத்திரத்திலேயே நூல் இறங்கியது. ஊரிலேயே கை நிறையச் சம்பாதிக்கிற பெண் என்று அவளைக் காட்டினார்கள், அவளோ ஓடுகிற மில்லுக்குள் புடவைத் தலைப்பை விட்டவள் போல நின்றாள்.

பழனாத்தாளின் கால் ஆனியில் தரையை விட்டது. லைன் வீட்டின் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே அவள் ராத்திரியெல்லாம் முட்டிக்கொண்டு தூங்குவது பொறுக்காமல், கோகிலவாணி பழைய ஜட்டி எலாஸ்டிக்கை எடுத்து அம்மாவின் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டினாள். அம்மா நடுவில் மிதந்தபடி தூங்கினாள். ஒருநாள் கோகிலவாணி கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றாள்.

"வெட்டி உட்டறட்டுமாம்மா? மடிஞ்சு போவே. நான் தூக்கிக்கறேன். காலத்துக்கும் தூக்கிக்கறேன்."

பழனாத்தாள் கத்திரியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "வேண்டாஞ்சாமி. குனிஞ்சது போதும்."

"மேல போயிருவியேம்மா."

"வீட்டுக்குள்ளதான இருக்கறேன்? கம்பெனிக்குள்ளதான இருக்கறேன்? நடுவுல சித்த தூரம். நீ கையைப் புடிச்சுக்க."

அப்படித்தான் தினமும் நடந்தது. கம்பெனி வேன் அந்தச் சந்துக்குள் வராது, தெருமுனையில் துரைசாமியண்ணன் டீக்கடை வாசலில்தான் நிற்கும். வாசலில் பிசிறு பார்த்து முடித்ததும், மணல் பெல்ட்டைக் கட்டிக்கொண்ட அம்மாவின் கையைப் பிடித்து, தேர்க்கூட்டத்தில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து, கோகிலவாணி வேன் வரைக்கும் கூட்டிப்போய் ஏற்றுவாள். வீட்டிலேயே இரும்மா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா பழனாத்தாள்? "சும்மா மோட்டுவளையில தொங்கிக்கிட்டுக் கெடக்கறதுக்கு நான் என்ன பல்லியா?" என்று கேட்டாள்.

மறுபடி ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று மரத்தையெல்லாம் பேயாட்டம் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் இரண்டு பேரும் சந்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த மணல் பெல்ட்டுகள் கூரைக்குக் கீழே மிதந்துகொண்டு அவசர அவசரமாகத் தைக்கப்பட்டவை, பனியன் இல்லையே என்று யாரும் அவற்றைச் செக்கிங்குக்கு அனுப்பவில்லை. பழனாத்தாளின் பெல்ட்டில் பின்பக்கத் தையல் விட்டிருந்தது. நடக்க நடக்க மணல் கோடாகக் கொட்டிக்கொண்டே வந்தது. அவளால் குனிந்து பார்க்க முடியாது, கோகிலவாணி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் வரும்போது பழனாத்தாளின் செருப்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தது.

"அம்மா!"

ஒரு கையால் பிடித்தது போதாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். இழுப்பு என்றால் அப்படி ஓர் இழுப்பு. கோகிலவாணியின் கைகள் தலைக்கு மேலே போயின, குதிகால் எழும்பியது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் நூல் ஆட்கள். ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவோ காலைப் பிடித்துக்கொள்ளவோ குனிய வேண்டுமே, அவர்களால் முடியவில்லை. பாவம், தவித்தார்கள். "புடி அம்முணி, உடாத, உடாத" என்று கத்தினார்கள். வியர்த்துப்போன விரல்களிலிருந்து அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. பிடித்துவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் கூடப் போய்விடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்தாள். யார் முதுகையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே சொன்னாள்: என் உச்சந்தலையில் ஒரு நூல் கட்டியிருக்கிறது, மேலே இருந்து யாரோ அதை இழுக்கிறார்கள்.

இறங்கியது. முதல்முறையாக அவளுக்கு அது தெரிந்தது: கழுத்து நீண்டு, விலா விரிந்து, கண்ணிக்குக் கண்ணி காற்றுப் புகுந்து, தன் உடம்பு தனக்குப் பாரமில்லாமல் போவது. இதைத்தானா இத்தனை பேருக்கும் கொடுத்தோம் என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கால் தரையை விட்டது. அம்மாவும் மகளும் டீக்கடைப் பெயர்ப்பலகை உயரத்தில், ஒருவர் முகம் ஒருவருக்கு நேராக, ஒரு கையில் ஒரு கை கோர்த்தபடி மிதந்தார்கள். பழனாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், வகிட்டைப் பார்த்தாள். வகிட்டின் நடுவே வெள்ளையாக ஒரு நூல்.

"என்ன சாமி நீயி, பிசிறோட வெளிய வந்துட்ட" என்றாள், மற்றக் கை கழுத்துக்குப் போய்க் கத்திரியோடு திரும்பியது, நறுக்கென்று வெட்டினாள்.

கோகிலவாணி மண்ணில் விழுந்தாள். விழும்போதே மடிந்தாள், மடிந்த வேகத்தில் அம்மாவின் கை நழுவியது. நெற்றி முழங்காலில் முட்டியது. தான் கற்ற நூறையும் ஒவ்வொன்றாக முயன்றும் அந்த முதுகு ஒரு கண்ணிகூட விரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கொட்டிக் கிடந்த மணலும் அம்மாவின் ஒரு ஜோடிச் செருப்பும்தான்.

மேலே எங்கோ "சாமி! சாமி!" என்று கேட்டது. காற்றில் அது சின்னதாகிக்கொண்டே போயிற்று.

சுற்றி நின்றவர்கள் யாராலும் அவளைத் தூக்க முடியவில்லை. ஆனால் அவர்களால் அண்ணாந்து பார்க்க முடிந்தது, அதை மட்டும் செய்தார்கள்.

"துரைசாமியண்ணா, அம்மா தெரியறாங்களா?" என்று கோகிலவாணி முழங்காலுக்குள் கேட்டாள்.

"தெரியறாங்க அம்முணி. கோயில் வேப்பமரத்துக்கு மேல போயிட்டாங்க. உன்னையத்தான் பாத்துக்கிட்டே போறாங்க."

"அழுவறாங்களா?"

"தெரியலீங்க அம்முணி. தூரமாப் போச்சு."

அப்புறம் கேட்டாள்.

"முதுகு?"

துரைசாமியண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார், பக்கத்தில் நின்றவர்களும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் வெளிச்சத்தில் பீஸைப் பிடித்துக் குறை பார்ப்பார்களே, அப்படி நிதானமாகப் பார்த்தார்கள்.

"நேரா இருக்குது அம்முணி" என்றார் துரைசாமியண்ணன். "ஒரு கோணலும் இல்ல."